இருக்கைக்கு அடியில் எரியும் அடுப்பு

(தருமபுரி மாவட்டத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மோட்டார் சைக்கிள் இஞ்சினின் சூட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். கூலிப் பிரச்னை இருக்கிறது, போனஸ் பிரச்னை இருக்கிறது, வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. இத்தனையும் இருக்க, வண்டிச் சூடு ஒரு பிரச்னையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

மோட்டார் சைக்கிள் ஒரு காலத்தில் வசதி படைத்தவரின் வாகனம். இன்று அப்படியா? ஓசூருக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர் எதில் போகிறார்? பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போகும் சிறு விவசாயி எதில் போகிறார்? இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுப் பால் எடுக்கிறவர், பாத்திரமும் பாயும் ஏற்றி ஊர் ஊராக விற்கிறவர், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், பெங்களூர்த் தெருக்களில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் - இவர்கள் எல்லோரும் இரண்டு சக்கரத்தின் மேல்தான் பிழைக்கிறார்கள். ஷிப்டு முடியும் நேரத்துக்குப் பஸ் வருவதில்லை. வயலுக்குப் போகும் பாதையில் பஸ் போவதே இல்லை. ஆகவே கடன் வாங்கியாவது ஒரு வண்டி வாங்க வேண்டியிருக்கிறது.

காரில் போகிறவருக்கும் இஞ்சின் உண்டு. ஆனால் அது இரும்புத் தகட்டுக்கு அப்பால் இருக்கிறது. உள்ளே குளிர்ந்த காற்று வீசுகிறது. மோட்டார் சைக்கிள்காரர் நிலைமை என்ன? இஞ்சின் அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இருக்கிறது. மேலே சூரியன், கீழே கொதிக்கும் தார் ரோடு, நடுவே எரியும் இஞ்சின். இந்த மூன்றுக்கும் இடையில் 8 மணி நேரம், 10 மணி நேரம் உட்கார்ந்து உழைக்கிறவருக்கு அந்த இருக்கை ஒரு வேலைத்தலம். வேலைத்தலத்தின் வெப்பம் தொழிலாளியின் பிரச்னை. இதுதான் நம் பதில்.

சூடு எங்கிருந்து வருகிறது?

இந்த விஷயத்தைப் பேச நமக்கு ஓர் உரிமையும் உண்டு. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரில்தான் தயாராகி வெளிவந்தது. இருவர் ஏறிச் செல்லும் அந்தச் சின்ன வண்டி நாட்டின் கிராமங்களுக்கெல்லாம் போயிற்று. அன்று ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோதுதான் அது தனியாகப் போயிற்று. 1984-ல் ஜப்பானிய சுசூகி கம்பெனியின் கூட்டில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் அங்கே தயாரானது. பின்னர் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. பெயர் தாங்கிய மோட்டார் சைக்கிளும் ஓசூரில் தயாராகி வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. ஓசூர்ப் பகுதியின் வார்ப்பாலைகளில் அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. அந்த உலைக்கு முன்னால் நின்று இஞ்சின் பாகங்களை வார்ப்பவர்களும் நம் மக்கள். அந்த இஞ்சினைக் கால்களுக்கு நடுவில் வைத்து ஓட்டுகிறவர்களும் நம் மக்கள். எனவே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் எரிகிறது, வண்டி ஓடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எரிகிற பெட்ரோலில் எவ்வளவு பங்கு சக்கரத்தைச் சுழற்றுகிறது? சின்ன இஞ்சினில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மீதி மூன்று பங்கும் சூடாகவே வெளியேறுகிறது. கொஞ்சம் சைலன்சர் வழியே புகையோடு போகிறது; மற்றது சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கும் தகடுகள் வழியாகக் காற்றில் கலக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 60 கிலோ மீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு லிட்டர் எரிகிறது. அதில் வீணாகிப் போகும் சூடு, 1000 வாட் மின்சார அடுப்பு நான்கை ஒரே சமயத்தில் எரிய விடுவதற்குச் சமம். வீட்டில் ஓர் அடுப்புக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றால் வேர்த்து விடுகிறது. இங்கே நான்கு அடுப்புகளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறோம்!

ஓடும்போது இந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் காற்று பின்னால் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வண்டியின் அமைப்பே அந்தக் காற்றை நம்பித்தான் இருக்கிறது. நம்மிடம் உள்ள வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை காற்றினால் குளிர்பவை. காற்று வந்தால் குளிரும். காற்று வராவிட்டால் குளிராது. விலை கூடிய சில வண்டிகளில் தண்ணீர் ஓடும் ரேடியேட்டரும் அதற்கு ஒரு காற்றாடியும் உண்டு. ஆனால் சூடு மறைந்து போவதில்லை. இஞ்சினிலிருந்து எடுத்த சூட்டை அந்தக் காற்றாடி வெளியே தள்ள வேண்டும். வண்டி நிற்கும்போது அந்த அனல் பல சமயம் ஓட்டுகிறவரின் கால் மேலேயே வந்து விழுகிறது. இஞ்சினைக் காப்பாற்ற வழி செய்தார்கள். காலைக் காப்பாற்றவும் வழி செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. இதற்காகச் சைலன்சர் குழாயில் விஷப்புகையைச் சுத்தி செய்யும் கருவி ஒன்றை வைக்கிறார்கள். பல நூறு டிகிரி சூட்டில்தான் அது வேலை செய்யும். இதைக் காட்டி, புகை விதியே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். தெருவோரத்தில் குடியிருப்பதும் அந்தப் புகையைச் சுவாசிப்பதும் ஏழைக் குழந்தைகள்தான். சுத்தமான காற்றும் வேண்டும், சுடாத காலும் வேண்டும். சூடான கருவிக்கு நல்ல மூடி போடுவதும், சூட்டுக்காற்றைக் காலை விட்டு விலக்கி விடுவதும் செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

யாருக்குக் காற்று, யாருக்கு அனல்?

இங்கேதான், தோழர்களே, முக்கியமான விஷயம் வருகிறது. சூடு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

காலை 6 மணிக்குக் காலி வண்டியில், காலியான ரோட்டில் போகிறவருக்கு இஞ்சின் சூடு தெரிவதே இல்லை. குளிர்ந்த காற்று முன்னால் வருகிறது. சூடு பின்னால் போகிறது. யாருக்கு அனல் அதிகம்? பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிறவருக்கு. நடுப்பகலில் போகிறவருக்கு. நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு. அதாவது கூலிக்காக ஓட்டுகிறவருக்கு.

தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது அது ஏற்றம். காலி வண்டி சற்று முனகிக்கொண்டு ஏறிவிடும். பின்னால் இரண்டு மூட்டையோடு வருகிறவர் ஆக்ஸிலேட்டரை முழுதும் முறுக்கினாலும் வண்டி ஊர்கிறது. பெட்ரோல் அதிகமாக எரிகிறது; காற்றோ குறைவாக வருகிறது. சூடு உண்டாவது உச்சத்தில், சூடு போவது தாழ்ந்த நிலையில். கியர் மாற்ற வழியில்லாத மொபெட்டில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது கிளட்ச் வழுக்கி வழுக்கி அதுவும் சூடாகிறது. முன்னால் கால் வைக்கும் இடத்திலும் ஒரு மூட்டையை நிறுத்திவிட்டால், இஞ்சினுக்குப் போகிற கொஞ்சக் காற்றும் அடைபட்டுப் போகிறது. வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் ஏறுகிறவர்களின் கதையும் இதுவேதான். மேலும், தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டால் போதும். பின்னால் நிற்கும் வண்டிகளின் வரிசையில், நிழலே இல்லாத ரோட்டில், இரண்டு சக்கரக்காரர்தான் வெயிலை முழுதும் வாங்குகிறார்.

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். நெரிசலில் நிற்கும்போது வண்டி ஓர் அடிகூட நகர்வதில்லை. எரிகிற பெட்ரோல் முழுவதும் சூடாகவே மாறுகிறது. இடது பக்கம் ஒரு லாரியின் இஞ்சின், வலது பக்கம் குளிர்சாதனக் காரின் அடியிலிருந்து வரும் அனல். காருக்குள் இருப்பவரைக் குளிர்விப்பதற்காக வெளியே தள்ளப்படும் சூடு யார் மேல் விழுகிறது? பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர் மேல்தான். ஒருவரின் சௌகரியம் இன்னொருவரின் வேதனையாகும் காட்சியை இதைவிடத் தெளிவாக எங்கே காண முடியும்?

உடம்பில் நடப்பது என்ன?

நம் உடம்பின் உள்சூடு ஏறக்குறைய 37 டிகிரி. தோலின் சூடு அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. வெளிக்காற்று 30 டிகிரியாக இருந்தால், வேகமாகப் போகும்போது அந்தக் காற்று உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். வெளிக்காற்று 40 டிகிரியாக இருந்தால்? காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கிறது. அப்போது அது சூட்டை எடுப்பதில்லை, கொடுக்கிறது. எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது. அந்த நிலையில் உடம்பைக் காப்பாற்றுவது வேர்வை ஒன்றே. வேர்வை காயும்போதுதான் உடம்பு குளிர்கிறது.

2024 ஏப்ரல், மே மாதங்களில் சேலம், ஈரோடு, தருமபுரி முதலிய உள்மாவட்டங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். ஓடும் வண்டியில் வேர்வை உண்டாகும்போதே காய்ந்துவிடுகிறது. சட்டை நனைவதில்லை. "நமக்கு வேர்க்கவே இல்லை, தண்ணீர் எதற்கு?" என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்கிறார். இது பெரிய ஏமாற்று. கடும் வெப்பத்தில் உழைக்கிறவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட வெளியேறக்கூடும். வயல் வேலையில் வேர்வை சொட்டுவது தெரிகிறது. கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடுகிறது. வண்டியில் அது தெரிவதில்லை. மாலையில் தலைவலி, கை கால் பிடிப்பு, நீர்க்கடுப்பு, மஞ்சளாகச் சிறுநீர் - இவை வந்த பிறகுதான் தெரிகிறது.

நம் பெரியவர்கள் "வண்டி ஓட்டி உடம்பு சூடாகிவிட்டது" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. வெளிச்சூட்டைத் தணிக்க இருதயம் இரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்புகிறது. தண்ணீர் குறைந்தால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. இருதயம் இன்னும் வேகமாக அடித்துக்கொள்கிறது. தலை சுற்றுகிறது, கவனம் சிதறுகிறது. தறியிலோ வயலிலோ தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில், லாரிகளுக்கு நடுவில் தலை சுற்றினால் எங்கே உட்காருவது? பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதமானால் 50 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி 7 மீட்டர் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே இது வெறும் சௌகரியப் பிரச்னை அல்ல, உயிர்ப் பிரச்னை.

அப்புறம் தீக்காயம். ஓடி நிற்கும் வண்டியின் சைலன்சர் நூறு டிகிரிக்கும் மேலே போகும். 60 டிகிரி சூடுள்ள இரும்பில் ஐந்தாறு விநாடி கால் பட்டாலே தோல் வெந்துவிடும். பேண்ட் போட்டவருக்குக் கொஞ்சம் காப்பு உண்டு. லுங்கியோடும் வேட்டியோடும் ஓட்டுகிறவருக்கு? பின்னால் உட்காரும் சிறு பிள்ளைக்கு? கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத வீடு நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? அதை நாம் தலைவிதி போல எடுத்துக்கொண்டு விட்டோம்.

ஆலையில் உள்ள உரிமை சாலையில் எங்கே?

ஆலைத் தொழிலாளத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூற்பாலையில் நூல் அறுந்து போகாமல் இருப்பதற்காக உள்ளே ஈரத்தையும் சூட்டையும் ஒரு நிலையில் வைக்கிறார்கள். நூலுக்கு ஏற்ற காற்று மனிதனுக்கு ஏற்றதா என்ற கேள்வியைத் தொழிலாளி எழுப்பினார். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-வது ஷரத்து அதற்குப் பதில் சொல்லிற்று. வேலை செய்யும் அறையின் வெப்பம் தொழிலாளிக்கு நியாயமான சௌகரியம் தருவதாக இருக்க வேண்டும், உடல்நலத்தைக் கெடுக்கக் கூடாது என்று அது விதித்தது. அத்துடன் நிற்கவில்லை. வேலையின் தன்மையால் மிகுந்த வெப்பம் உண்டானால் சூடான பாகங்களை உறையிட்டு மூட வேண்டும், அல்லது வேறு தக்க வழியில் தொழிலாளியைக் காக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. சௌகரியம் என்ற சொல்லே சட்டத்தில் ஏறிவிட்டது! அது உல்லாசம் அல்ல, உரிமை.

2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. அவற்றைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயங்களை வேறொரு கூட்டத்தில் பேசலாம். இங்கே நாம் கேட்பது ஒன்றுதான். ஆலைக்குள் இருக்கும் சூடான குழாயை மூடு என்று முதலாளிக்குச் சொல்ல முடிந்தது. பொட்டலம் கொண்டு போகிற பையனின் காலருகே உள்ள சூடான குழாயை மூடு என்று யாருக்குச் சொல்வது? கம்பெனியைக் கேட்டால், "வண்டி உன்னுடையது" என்று பதில் வருகிறது. பெட்ரோல் அவனுடையது, ஆயில் அவனுடையது, தவணை அவனுடையது, சூடும் அவனுடையது. லாபம் மட்டும் கம்பெனியுடையது. நேரத்துக்குப் போனால் காசு. தாமதமானால் பிடித்தம், அல்லது அடுத்த ஆர்டர் இல்லை. வெயில் ஏறினால் நிழலில் நிற்கலாம் என்று அறிவுரை சொல்கிறார்கள். நிற்கிற நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பார்கள்? கூலியில்லாத நிழல் தொழிலாளிக்கு நிழலாகுமா?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் இந்தத் தொழிலாளர்களுக்கென ஒரு நலவாரியம் அமைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலத்தின் பேரிடர்களில் ஒன்றாக அரசாங்கம் அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி, பொட்டலம் கொண்டு செல்லும் தொழிலாளர்கள் இளைப்பாறக் குளிர்சாதன ஓய்வறைகளைத் திறந்தது. நல்லது. ஆனால் சென்னையைவிட வெயில் கொளுத்தும் நாட்கள் தருமபுரிக்கும் சேலத்துக்கும் உண்டு. அங்கே வந்த ஓய்வறை இங்கேயும் வர வேண்டாமா?

நாமே செய்யக்கூடியவை

கோரிக்கை நிறைவேறும் வரை காலைச் சுட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம் கையில் உள்ள வழிகளையும் பார்ப்போம்.

முதலில் வண்டி. சிலிண்டர்த் தகடுகளுக்கு இடையில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் அது கம்பளி போர்த்தியதைப் போல. ஆறிய பிறகு தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கொதிக்கும் இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். உலோகம் வெடிப்பு விடும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில்தான் உள்சூட்டைச் சுமந்து வெளியே கொண்டு வருகிறது. அது குறைந்தாலும் கெட்டாலும் சூடு ஏறும்; காசை மிச்சம் பிடிக்கும் இடம் அது அல்ல. பழைய கார்புரேட்டர் வண்டியில் மைலேஜுக்காகப் பெட்ரோலை ஒரேயடியாகக் குறைத்து வைக்கச் சொல்கிறோம். அப்படிக் குறைத்தால் இஞ்சின் இன்னும் சூடாகும். டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் உரசிக்கொண்டே இருந்தாலும், செயின் காய்ந்தாலும் இஞ்சின் வீணாக உழைக்கிறது. அந்த உழைப்பும் நம் கால் மேல் சூடாகவே வருகிறது. நெரிசலில் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டுமானால் இஞ்சினை நிறுத்திவிடுங்கள். மொபெட்டின் முன்பக்க மூட்டையைக் காற்று போகும் வழியை விட்டு வையுங்கள். நீண்ட ஏற்றத்தில் நடுவே ஒரு தடவை நிழலில் நிறுத்துங்கள். வண்டியும் ஆறும், ஆளும் ஆறுவார்.

அடுத்து உடம்பு. வெயிலில் சட்டையைத் திறந்துவிட்டுக் காற்று வாங்குவது 40 டிகிரியில் பயன் தராது. உடம்பை மூடும் தளர்ந்த பருத்திச் சட்டைதான் நல்லது. கழுத்தில் நனைத்த துண்டு போட்டால் அது காயும்போது நம்மைக் குளிர்விக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே வேர்க்கிறது என்பது உண்மை. நிற்கும் இடத்தில் கழற்றித் துடைத்து, ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் போடுங்கள். சூட்டிலிருந்து தப்பத் தலையைப் பணயம் வைக்கக் கூடாது.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். கேழ்வரகுக் கூழும் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நம் வீட்டில் உண்டு. வண்ண வண்ணச் சோடாவைவிட அவையே மேல். அதிகம் வேர்த்துக் களைத்தவருக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுங்கள். ஒருவர் உளறத் தொடங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்து மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டு போய், உடைகளைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சைலன்சர் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். சைலன்சர் வலப்பக்கம் உள்ள வண்டியில் குழந்தைகளை எப்போதும் இடப்பக்கமாக ஏற்றி இறக்கப் பழக்குங்கள்.

நம் கோரிக்கைகள்

இவ்வளவும் செய்தாலும் பாதிச் சூடுதான் குறையும். மறுபாதி நம் கையில் இல்லை. வண்டி செய்கிறவர், வேலை வாங்குகிறவர், அரசாங்கம் ஆகிய மூவர் கையில் இருக்கிறது. எனவே அவர்களை நோக்கி நாம் கேட்க வேண்டும்.

வண்டிக் கம்பெனிகளைக் கேட்போம். பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுதியிருக்கிறார்கள். சேலைக்குத் தடுப்பு வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சூட்டுக்குத் தடுப்பு வைக்கத் தெரியாதா? புகையை மில்லிகிராம் கணக்கில் அளக்கிற நாட்டில், கால் படும் இடத்தின் சூட்டை டிகிரி கணக்கில் அளக்க முடியாதா? ஒவ்வொரு புது வண்டியையும் மே மாத நடுப்பகலில், பாரம் ஏற்றி, தொப்பூர் ஏற்றத்திலும் நகர நெரிசலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்பனைக்கு அனுப்பட்டும். கால் படக்கூடிய சூடான பாகம் எல்லாவற்றுக்கும் உறை போடட்டும். அதற்குத் தனி விலை வைக்கக் கூடாது.

பொட்டலக் கம்பெனிகளைக் கேட்போம். கடும் வெயில் நாட்களில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேரக் கெடு வேண்டாம். தாமதத்துக்குப் பிடித்தம் வேண்டாம். ஓய்வு நேரத்துக்குக் கூலி வேண்டும். தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதத்தைத் தொழிலாளர் நலனுக்குக் கொடுக்க வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. அந்தப் பணம் ஒழுங்காக வரட்டும். ஓய்வறையாகவும் வைத்தியமாகவும் தொழிலாளிக்கே திரும்பட்டும்.

அரசாங்கத்தைக் கேட்போம். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் ஊர்களின் பஸ் நிலையங்களிலும் மார்க்கெட்டுகளிலும், தொப்பூர்ச் சாலையிலும் நிழற்கூடமும் குடிதண்ணீரும் கழிப்பிடமும் வேண்டும். கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வெயிலில் வண்டியிலேயே சுருண்டு விழுந்தவரின் சாவை விபத்து என்று மட்டும் எழுதி மூடிவிடாமல், வெப்பம் காரணமா என்று டாக்டர் பார்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் 4 லட்சம் அறிவிப்பில்தான் இருக்கும், குடும்பத்துக்கு வராது.

எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இந்தப் பிரச்னை தீர்ந்துவிடுமே என்பவர்கள் உண்டு. அதில் சைலன்சர் இல்லை, காலுக்கு நடுவே நெருப்பு இல்லை என்பது உண்மை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் அதற்கான ஆலைகள் எழுந்ததும் உண்மை. ஆனால் அதன் விலை கூலிக்காரரின் கைக்கு எட்ட வேண்டும். 2025-ல் தமிழ்நாட்டு பட்ஜெட்டில் 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். தேவையோ அதைவிடப் பல மடங்கு. மேலும், வண்டி மாறினாலும் மேலே உள்ள சூரியன் மாறப் போவதில்லை. நேரக் கெடுவும் தானாக மாறப் போவதில்லை.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு கிளையிலும் இந்த வாரமே ஒரு காரியம் செய்வோம். உங்கள் ஊரில் பிழைப்புக்காக இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் யார் யார் என்று கணக்கெடுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள், எங்கே நிழல் இல்லை, எங்கே தண்ணீர் இல்லை, யாருக்குக் காயம், யார் நலவாரியத்தில் பதியவில்லை என்று எழுதுங்கள். பதியாதவர்களைப் பதியச் செய்யுங்கள். சித்திரை பிறப்பதற்குள் ஊருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுங்கள். ஆலைத் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி, வண்டி செய்யும் தொழிலாளி, வண்டி ஓட்டும் தொழிலாளி ஆகிய நால்வரும் கையெழுத்திட்ட மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். கணக்குத் தாள்களை நமது ஆபீசில் சேர்க்கும் பொறுப்பு கிளைச் செயலாளர்களுடையது.